அயலார்க்கு ஆங்கிலம்: இலக்கணமும் அகராதியும் எழுந்த வரலாறு

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணாக்கர் கையில் மூவகை நூல்கள் உள்ளன. ஒன்று இலக்கண நூல்; ஒன்று அகராதி; மற்றொன்று, உரைப்பகுதிகளைத் தந்து அவற்றின்கீழ் வினாக்களைத் தொடுக்கும் பயிற்சிநூல். இம்மூன்றும் ஆங்கிலேயர் தம் மக்களுக்கென இயற்றியவை என்றும், பிற்காலத்தே அயலார்க்கும் வழங்கப்பெற்றன என்றும் நம்மிற் பலர் கருதி வருகின்றோம். நூல்கள் எழுந்த காலமுறையை நோக்கின் இக்கருத்து நில்லாது. இவற்றின் வேர்களுட் பல, அயலாரது இடர்ப்பாட்டை நீக்கும் முயற்சியிலேதான் ஊன்றியுள்ளன. அயலார்க்கென வகுக்கப்பெற்ற விதி ஆங்கிலேயச் சிறார்க்கே சட்டமாக மாறிய விந்தையும் உண்டு. கற்பவரின் தாய்மொழியைக் கண்முன் வைத்து எழுதிய ஆசிரியர் ஆங்கிலத்தின் நுட்பங்களைக் கூர்மையாகக் கண்டனர் என்பதும், அதனை மறந்தவிடத்து அக்கூர்மை மழுங்கியது என்பதும் நம் துணிபு. அதனை ஈண்டுச் சில நூல்கள் வாயிலாக ஆராய்வோம்.

1572-ஆம் ஆண்டில் பிரான்சில் நிகழ்ந்த தூய பார்த்தலோமியு திருநாட் படுகொலைக்குப்பின், ஹியூகனாட்டுகள் எனப்படும் சீர்திருத்தக் கிறித்தவர் பலர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர். நெசவும் பிற கைத்தொழில்களும் வல்ல அவர்கட்குத் தொழில் கிடைத்தது, மொழி கிடைக்கவில்லை. அவருள் ஒருவரான ழாக் பெலோ என்பார் 1580-இல், பிரெஞ்சுக்காரர் ஆங்கிலம் கற்பதற்கென ஒரு நூல் வெளியிட்டார். 1586-இல் உரையாடல் நூல் ஒன்றும் தந்தார். இவ்வுரையாடல் நூலின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. ஒரு பத்தியில் ஆங்கிலம். ஒரு பத்தியில் பிரெஞ்சு. மற்றொரு பத்தியில், பிரெஞ்சுக்காரர் தம் எழுத்துமுறைப்படி படித்தால் ஆங்கில ஒலி வருமாறு எழுதிய ஒலிப்பு வடிவம். கடைத்தெருவில் மீனும் இறைச்சியும் துணியும் வாங்கும் பேச்சே நூலின் பொருள். பேரம் பேசத் தெரியாதவன் பட்டினி கிடப்பான் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார் போலும்!

ஆங்கிலேயர் தம் மொழிக்குத் தம் மொழியிலேயே இயற்றிய முதல் இலக்கணம் எனப்படுவது வில்லியம் புல்லோக்கரின் சிறுநூல். அது வெளிவந்த ஆண்டும் 1586 ஆகும். இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்க்கப்பெற்ற நூல் அது. பெலோவின் 1580-ஆம் ஆண்டு நூலோ எழுத்தொலி பற்றியும் சொல்லிலக்கணம் பற்றியும் குறிப்புகளைக் கொண்டது. எனவே, ஆங்கிலத்தின் இயல்பை அச்சு நூலில் எடுத்துரைக்கும் முயற்சியில் அகதி ஒருவர் ஆறாண்டுகள் முற்பட்டார் எனல் தவறாகாது.

அடுத்த நூற்றாண்டில் எழுந்த நூல்களுள் ஜான் வாலிஸ் என்பார் 1653-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் தலைசிறந்தது. வாலிஸ் ஆக்ஸ்போர்டில் வடிவகணிதப் பேராசிரியர்; முடிவிலி என்னும் கருத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் குறியை முதன்முதல் நூலில் ஆண்டவர். அவர் ஆங்கில இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுந்த சமய நூல்களைக் கற்க விரும்பும் ஐரோப்பியரே அவர் எண்ணிய வாசகர். ஆங்கிலத்தை இலத்தீனின் வாய்பாட்டில் திணிப்பது பொருந்தாது என்று இலத்தீனிலேயே வாதிட்டார் என்பது சுவையானது.

வேற்று மொழியில் ஒரு மொழிக்கு இலக்கணம் வரைவதன் பயனைத் தமிழறிஞர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீரமாமுனிவர் தமிழ் வல்லார்க்குத் தொன்னூல் விளக்கத்தைத் தமிழ் நூற்பாவில் தந்தார். புதிதாக வரும் குருமார்க்குக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் 1728-இல் எழுதினார். பின்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஒருவரே இயற்றியவையாயினும் இரண்டும் ஒரே நூலின் இரு வடிவங்கள் அல்ல. தமிழர்க்குச் சொல்லாமலே விளங்குவதை அயலார்க்குச் சொல்லியாக வேண்டும்; அதனாலேயே அன்றைய பேச்சுவழக்கு இலக்கண நூலில் இடம்பெற்றது.

வாலிஸ் நூலிலும் அவ்வாறே நிகழ்ந்தது. எதிர்காலத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஷல்', 'வில்' என இரு துணைவினைகள் உள்ளன. எதனை எங்கு ஆள்வது என ஆங்கிலக் குழந்தை கேட்பதில்லை; பிரெஞ்சுக்காரனோ செர்மானியனோ கேட்பான். அவனுக்கு விடையாக வாலிஸ் ஒரு விதி வகுத்தார். தன்மையிடத்தில் 'ஷல்' வெறும் எதிர்காலம் உணர்த்தும். 'வில்' உறுதிமொழியோ அச்சுறுத்தலோ உணர்த்தும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைமாறும். தமிழ் மாணாக்கர் பல தலைமுறையாக உருப்போட்ட விதி இதுவேயன்றோ? 1762-இல் பேராயர் ராபர்ட் லவுத் ஆங்கிலேயர்க்கென எழுதிய இலக்கணத்தில் இவ்விதி இடம்பெற்றது. 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணமும் அதனை ஏற்றது. மரே அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறியவர். பெண்கள் பள்ளியொன்றன் பொருட்டு எழுதத் தொடங்கிய அவர் நூல் எண்ணிறந்த பதிப்புகள் கண்டு, ஆங்கிலம் சென்ற இடமெல்லாம் சென்றது. அயலானுக்கு வழிகாட்டியாக நட்ட கைகாட்டி, உள்ளூரானைத் தடுக்கும் வேலியாயிற்று. 1925-இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஃபிரீஸ் ஆங்கில நாடகங்களின் உரையாடல்களை எண்ணிப் பார்த்து, மக்கள் வழக்கு அவ்விதிக்கு அடங்குவதில்லை எனக் காட்டினார். தன்மையிடத்திலும் 'வில்' என்பதே மிகுதியாக வந்தது. அதன் பின்னரும் நம் நாட்டுத் தேர்வுத்தாள்களில் அவ்விதி நெடுங்காலம் வாழ்ந்தது. அதே ஃபிரீஸ் 1941-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர்க்கென ஆங்கில மொழி நிலையத்தைத் தோற்றுவித்தார். கற்பவரின் தாய்மொழியை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு வேறுபடும் இடங்களைக் கண்டு பாடம் அமைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இலக்கணம் நிற்க. சொற்றொகையின் வரலாறு இருபதாம் நூற்றாண்டில் விரைவு பெற்றது. 1921-இல் எட்வர்ட் தார்ன்டைக் அமெரிக்காவில் பதினாயிரம் சொற்களைப் பயில்வுமிகுதி பற்றி வரிசைப்படுத்தினார். அவர் நாட்டம் அந்நாட்டுப் பள்ளிச் சிறாரைப் பற்றியது. அவ்வெண்ணிக்கையை அயல்மொழியாளர்க்குப் பயன்படச் செய்தவருள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். இவர் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வங்கத்தை நோக்கி இவர் எழுதிய இருமொழியம் பற்றிய ஆய்வுநூல் 1926-இல் வெளிவந்தது.

வெஸ்ட் கண்ட குறை எளியது. எனினும் அவர்க்கு முன் அதனை முறையாக அளந்தவர் அரியர். வங்கப் பள்ளிகளில் வழங்கிய வாசகங்களில் புதுச்சொற்கள் நெருங்கிக் கிடந்தன. ஒரு சொல்லின் பொருளைத் தேடி மீள்வதற்குள் அடுத்தது வந்து மறித்தது. அவற்றுட் பல வழக்கொழிந்த பழஞ்சொற்கள். செய்யுளில் அன்றிப் பிறவிடத்துக் காணப்பெறாதவை. மாணாக்கன் படிப்பதாக எண்ணிக்கொண்டு உண்மையில் புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வெஸ்ட் பழஞ்சொற்களை நீக்கினார். ஒரு புதுச்சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே அறிந்த சொற்கள் ஐம்பது அறுபதேனும் அமையுமாறும், வந்த புதுச்சொல் மீண்டும் மீண்டும் வருமாறும் வாசகங்களை இயற்றினார். அவை 'புதுமுறை வாசகங்கள்' எனப் பெயர் பெற்றன.

மற்றொரு கருத்தும் அவருடையது. பள்ளியிற் சேர்வோருள் பெரும்பாலார் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். இறுதி வகுப்பிற்குப் பின்னரே பயன் தரும் கல்வி, இடையில் நின்றானுக்கு யாது தரும்? ஆயுள் காப்பு ஒப்பந்தத்தை இடையில் கைவிடுவோர்க்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறது. அதுபோல, எந்த வகுப்பில் நின்றாலும் அதுவரை கற்றது கைக்கொடுக்க வேண்டும் என்றார். பேசுதலினும் எழுதுதலினும் வாசித்தலே விரைவிற் கைவருவது. ஆதலின் வாசித்தலை முதற்கண் வைத்தார்.

இக்கொள்கையின் பின்னணியில் ஒரு கணிப்பு உண்டு. வங்காளியின் உணர்ச்சிக்கும் இல்லற வாழ்விற்கும் அவன் மொழி போதும். அறிவியல், தொழில் முதலியன பற்றிய செய்திகட்கே ஆங்கில வாசிப்பு வேண்டும் என்பது அது. இதனை நாம் முற்றும் உடன்படுவதற்கில்லை. செய்தி நூல்கள் ஒரு மொழியில் இல்லையெனில், அயல்மொழியைக் கற்பித்தல் ஒரு வழி. அந்நூல்களைத் தாய்மொழியில் ஆக்குதல் மற்றொரு வழி. ஆட்சியாளரின் அலுவலராகிய வெஸ்ட் முதல் வழியையே விரித்துரைத்தார். ஆயினும் அவர்க்குரிய பெருமையை மறைத்தல் அறிவுநேர்மை ஆகாது. மாணாக்கன் அறிவிலி அல்லன், அவன் கையில் கொடுத்த நூலே பழுதுடையது என்று அன்றைய கல்வித்துறையினின்றே ஒருவர் எடுத்துக்காட்டியது சிறிய செயலன்று.

1935-இல் எண்டிகாட் என்பாருடன் சேர்ந்து வெஸ்ட் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொல்லும் தொடரும் விளக்கியது. தெரியாத சொல்லைத் தெரியாத சொல்லால் விளக்கும் அகராதி அயலானுக்கு யாது பயன் தரும்? 1953-இல் வந்த அவரது பொதுப்பயன் சொற்பட்டி, இரண்டாயிரம் அளவான தலைச்சொற்களைக் கொண்டது. ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது நூற்றுக்கு எத்தனை முறை வருகின்றது என்பதையும் ஐம்பது இலட்சம் சொற்பரப்பிலிருந்து கணக்கிட்டுத் தந்தது. பொருள்வாரியான அக்கணக்கே அந்நூலின் சிறப்பு.

சொற்சுருக்கத்தில் வெஸ்டையும் விஞ்சியவர் சி. கே. ஆக்டன். 1930-இல் அவர் வகுத்த 'பேசிக்' ஆங்கிலம் 850 சொற்களால் அமைந்தது. அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் வினைகளைக் குறைத்தவிடத்து, எஞ்சிய வினைகளோடு முன்னிடைச்சொற்களைச் சேர்த்தே பிற பொருள்களை உணர்த்தியாக வேண்டும். 'புட்' என்றால் வைத்தல். அதனோடு 'அப்' என்பதும் 'வித்' என்பதும் சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல்! ஆங்கிலேயனுக்கு நாத்தழும்பேறிய இத்தொடர்களே அயலானுக்குக் காடு. 'டாலரேட்' என்னும் ஒரு சொல்லை மனப்பாடம் செய்தல் இதனினும் எளிது. 850 என்னும் எண் பார்ப்பதற்கே சிறியது; கற்பவன் சுமை சிறியதன்று. 1943-இல் சர்ச்சில் இதனைப் போற்றிப் பேசியும் இது நிலைபெறாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

இனி யப்பான் நாட்டை நோக்குவோம். பெல்ஜியத்தில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹரால்ட் பாமர், 1914-இல் செர்மானியப் படையெடுப்பினால் தாய்நாடு திரும்பி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றினார். 1922-இல் யப்பானியக் கல்வித்துறையின் மொழி அறிவுரைஞராக டோக்கியோ சென்றார். மறு ஆண்டில் ஆங்கிலக் கல்வி ஆராய்ச்சி நிலையம் அவர் தலைமையில் தொடங்கிற்று. 1936 வரை அவர் அங்கிருந்தார்.

அவர் அங்குக் கண்ட வாசிப்பு முறை தமிழறிஞர்க்கு வியப்பளிக்காது. யப்பானியர் பல நூற்றாண்டுகளாகச் சீன நூல்களைப் படித்தவர். சீனத்தில் வினைக்குப்பின் செயப்படுபொருள் வரும். யப்பானிய மொழியில் தமிழிற்போல வினை இறுதியில் நிற்கும். எனவே சீனத்தொடரின் பக்கத்தே சிறு குறிகளும் எண்களும் இட்டு, சொற்களை முன்பின்னாக மாற்றித் தம் மொழித் தொடராகப் படித்தனர். ஆங்கிலம் வந்தபோது அதனையும் அவ்வாறே எண்ணிட்டு மாற்றிப் படித்தனர். நம் உரையாசிரியர் கொண்டுகூட்டிப் பொருளுரைக்கும் முறைக்கு இஃது உறவுடையது. பாமர் இதற்கு மாறாக வாய்மொழிப் பயிற்சியை வற்புறுத்தினார். காதும் வாயும் பழகாமல் கண் மட்டும் படித்தல் மொழிக் கல்வியாகாது என்பது அவர் கொள்கை. எனினும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகள் மொழிபெயர்ப்பையும் இலக்கணத்தையுமே கேட்டு வந்தமையின், அவர் முறை முழு வெற்றி பெறவில்லை. தேர்வு எதனைக் கேட்கின்றதோ அதனையே வகுப்பறை செய்யும். யப்பானுக்கு மட்டும் உரியதன்று இது.

பாமரின் நிலைத்த வெற்றி வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலச் சொற்கள் எவற்றோடு எவை சேரும் என்னும் சொற்சேர்க்கை பற்றி 1933-இல் நிலையத்தின் வாயிலாக ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி அவ்வழியே மேலும் சென்றார். 1924-இல் யப்பான் வந்த ஹார்ன்பி, வகுப்பறையில் மாணவர் செய்யும் பிழைகளை உற்று நோக்கியவர். பிழைக்குக் காரணம் சொற்பொருள் அறியாமை அன்று. சொல் தொடரில் நிற்கும் அமைப்பை அறியாமையே எனக் கண்டார்.

இதனைத் தமிழ் மாணாக்கர் பிழை கொண்டே விளக்கலாம். 'எக்ஸ்பிளெயின்' என்பதன் பொருள் விளக்குதல் என அகராதி கூறும். 'எனக்கு விளக்கு' என நினைக்கும் மாணவன் 'எக்ஸ்பிளெயின் மீ' என எழுதிவிடுகின்றான். 'டெல் மீ' சரியெனில் இது ஏன் பிழை என அவன் வினவினால், ஆங்கிலேயர்க்கென எழுந்த அகராதி விடை கூறாது. அங்ஙனம் வினவும் ஆங்கிலேயன் இல்லை. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' என்பன பன்மை ஏலா என்பதும் அத்தகையதே. அறிவுரைகள், செய்திகள் எனப் பன்மை விகுதி சேர்த்து வழங்கும் நமக்கு அது விளங்காப் புதிர். ஹார்ன்பி இவற்றையே அகராதியின் உடலாக்கினார். வினைகள் தொடரில் நிற்கும் அமைப்புகளை 25 வகையாகப் பகுத்து, ஒவ்வொரு வினைக்கும் உரிய அமைப்பை எண்ணிட்டுக் காட்டினார். எண்ணப்படும் பெயர், எண்ணப்படாப் பெயர் என வேறுபடுத்தினார்.

கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவரோடு அவர் தொகுத்த இவ்வகராதி 1942-இல் டோக்கியோவில் கைதாக்குஷா பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. இங்கிலாந்தும் யப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது! போர் மூண்டபின் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டுப் பின் நாடு திரும்பினார். பகைநாட்டார் தொகுத்த பகைமொழி அகராதியை அச்சிட்டு வெளியிட்ட பதிப்பகத்தார் துணிவு போற்றற்குரியது. 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை அவ்வாறே படியெடுத்து வெளியிட்டது. பின்னர் உயர்நிலைப் பயில்வோர் அகராதி எனப் பெயர் மாறிப் பல பதிப்புகள் கண்டு இன்றும் வழங்குவது அதுவே.

தமிழ்நாட்டில் அவ்வகராதி பெரிதும் பயன்பட்டதற்கு ஒரு காரணம் நமக்குத் தோன்றுகின்றது. யப்பானிய மொழியில் வினை இறுதியில் நிற்கும். முன்னிடைச்சொல் இல்லை, பின்னொட்டே உண்டு. பெயர்க்குமுன் வரும் 'ஏ', 'தி' போன்ற சொற்கள் இல்லை. இவை யாவும் தமிழுக்கும் பொருந்தும். யப்பானிய மாணவனை முன்னிறுத்தி எழுதப்பெற்ற குறிப்பு, தமிழ் மாணவனுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அமைந்துவிட்டது. பிற்காலப் பதிப்புகள் உலகத்தார் அனைவரையும் வாசகராகக் கொண்டன. சொற்கள் பெருகின, ஆனால் எம்மொழியாளன் எவ்விடத்தில் இடறுவான் என்னும் நோக்கு அவற்றில் முன்போல் கூர்மையாக இல்லை என்பது நம் மதிப்பீடு.

உரைப்பகுதி வாசித்து விடையிறுக்கும் பயிற்சியின் வரலாறு இவற்றின் வேறானது. இது தாய்மொழிக் கல்வியினின்று வந்தது. தார்ன்டைக் 1917-இல் பள்ளிச் சிறார்க்குச் சிறு பத்திகளைக் கொடுத்து வினாக்களுக்கு விடை எழுதச் செய்து, பிழைகளை ஆராய்ந்தார். சில சொற்களுக்கு மிகைவலியும் சிலவற்றிற்குக் குறைவலியும் அளித்தமையே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். ஆதலின் வாசித்தல் என்பது சிந்தித்தலே என்றார். 1953-இல் வில்சன் டெய்லர், உரையில் இடையிடையே சொற்களை நீக்கி அவற்றை வாசகரே நிரப்புமாறு செய்யும் முறையைக் கண்டார். நூலின் எளிமையை அளக்கவே அது எழுந்தது. ஆளை அளக்கும் கருவியாகி, அயலார் தேர்வுகளிற் குடிபுகுந்தது.

அயலாரின் ஆங்கில அறிவைச் சோதிக்கக் கேம்பிரிட்ஜில் 1913-இல் தொடங்கிய தேர்வு ஏறத்தாழ 12 மணிநேரம் நிகழ்ந்தது. எழுதியோர் மூவர், தேறியவர் ஒருவரும் இலர். அதில் ஆங்கிலத்தினின்று பிரெஞ்சு அல்லது செர்மன் மொழிக்கும், அம்மொழிகளினின்று ஆங்கிலத்திற்கும் பெயர்க்க வேண்டியிருந்தது. அம்மொழிகளை அறியாத ஆசியனுக்கு அங்கு இடமில்லை. எனினும் கற்பவனுக்கு முன்னமே ஒரு மொழி உண்டு என்பதைத் தேர்வாளர் ஒப்புக்கொண்டனர். 1964-இல் அமெரிக்காவில் தொடங்கிய அயல்மொழியார் தேர்வு எந்நாட்டார்க்கும் பொது. ஆனால் வினாவும் விடையும் முழுதும் ஆங்கிலமே. கதவு அகன்றது, அதன் வழியே நுழைவோன் தன் மொழியை வெளியே விட்டுவர வேண்டியதாயிற்று. பொருள் உணர்ந்தும் ஆங்கில வினாவின் நுட்பம் உணராமையால் தவறியவன் எத்துணையன் என்பதை அத்தகைய தேர்வு காட்டாது.

சென்னை மாநிலத்தில் 1950-களில் ஆங்கிலத் தொடரமைப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் கற்பிக்கும் பாடத்திட்டம் புகுத்தப்பெற்றது. பாமர், வெஸ்ட், ஹார்ன்பி ஆகியோரின் ஆராய்ச்சியே அதற்கு அடிப்படை. எவ்வமைப்பு எளிது, எது அரிது என்னும் வரிசை ஆங்கிலத்தை நோக்கி அமைந்ததாயின், தமிழ் மாணவனுக்கு அரியதும் எளியதும் அவ்வரிசையில் அமையும் என்பது உறுதியன்று. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசை ஆங்கிலத்தில் முதற்பாடம். தமிழன் நாவிற்கு அது தலைகீழ்.

இன்று கணிப்பொறி கோடிக்கணக்கான சொற்களை எண்ணித் தருகின்றது. 1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் அத்தகைய சொற்றிரளினின்று பயில்வோர் அகராதி ஒன்று ஆக்கப்பெற்றது. 2006-இல் பால் நேஷன் என்னும் அறிஞர், துணையின்றி ஆங்கில நூல்களைப் படித்துணர எண்ணாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரையான சொற்குடும்பங்கள் வேண்டும் எனக் கணக்கிட்டார். வெஸ்டின் இரண்டாயிரம் தொடக்கமே என்பது இதனாற் பெறப்படும். எஞ்சியவற்றை எவ்வரிசையிற் கற்பது என்பதற்குப் பயில்வுமிகுதி ஒன்றே அளவுகோலாகாது. தமிழில் வேரூன்றிய பஸ், டிக்கட், ஆபீஸ் போன்றவற்றைத் தமிழ்ச் சிறுவன் பட்டியைக் காணுமுன்பே அறிவான்; 'தி' என்னும் சிறுசொல் பட்டியின் முதலிடத்தில் நிற்பினும், அதனைப் பிழையின்றி ஆளப் பட்டம் பெற்றோர்க்கும் இயல்வதில்லை.

தமிழில் எழுந்த பேரகராதிகளுள் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிகரான சொல் யாது என்னும் வினாவிற்கு அது விடை தருகின்றது. அவ்வகையில் வெஸ்ட் விரித்துரையாத இரண்டாம் வழியைச் சார்ந்தது. 'எக்ஸ்பிளெயின்' என்பதற்கு அடுத்து 'மீ' வருமா, வராதா என்பதை அதன் பக்கங்களில் தேடுவார்க்கு விடை கிடைக்காது. அது அக்களஞ்சியத்தின் நோக்கமும் அன்று.